ஏழாவது கோரிக்கை

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. சனிக்கிழமைங்கிறதால பிள்ளைக இல்ல. இல்லைன்னா உங்ககூட ரெண்டு வார்த்தை பேச எனக்கு நேரம் கிடைச்சிருக்காது. மாநாட்டு மலருக்குத்தான வந்திருக்கீங்க? வேதமுத்து சார் போன்ல சொன்னாரு. "குணசுந்தரி டீச்சர், நம்ம போராட்டம் சூடு பிடிச்சதே உங்க பேச்சுலதான். அதப் பத்தி மலர்ல ரெண்டு பக்கம் வேணும், ஆள் அனுப்புறேன்"னாரு. ஆசிரியர் சங்க மாவட்டச் செயலாளர் கேக்கும்போது மாட்டேன்னு சொல்ல முடியுமா? எழுதிக்கிடுங்க. ஆனா நான் சொல்லுறது எல்லாத்தையும் போட முடியாது. அதையும் இப்பவே சொல்லிப்புடுறேன்.

இது ஈராசிரியர் பள்ளி. அஞ்சு வகுப்பு, நாப்பத்திமூணு பிள்ளைக, ரெண்டு ஆசிரியர். நான் பதினோரு வருஷமா இங்க தலைமையாசிரியை. இன்னொருத்தர் அருள்தாஸ் சார். போன வருஷம் ஜூன்ல ஸ்கூல் திறந்து பத்தாம் நாள் அவர மாற்றுப்பணின்னு வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க. சம்பளம் இங்க, வேலை அங்க. ஏட்டுல பாத்தா கருங்காலிக்குளம் ஸ்கூல்ல ரெண்டு ஆசிரியர் இருக்காங்க. கண்ணால பாத்தா நான் ஒருத்திதான்.

ஒருத்தி என்ன வேலையெல்லாம் பாத்தேன்னு கேளுங்க. எட்டரைக்குக் காலைச் சாப்பாட்ட போட்டோ எடுத்து ஏத்தணும். பத்து மணிக்குள்ள வருகைப்பதிவ போன்ல போடணும். இங்க சிக்னல் கிடையாது. அந்தா தெரியுதுல்ல தண்ணித் தொட்டி, அதுக்கு அடியில போய் நின்னாத்தான் கிடைக்கும். நான் போன தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அங்க நிப்பேன், உள்ள பிள்ளைக ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டுக் கிடக்கும். அப்புறம் முட்டை எத்தனை, சத்து மாத்திரை எத்தனை, எந்தப் பிள்ளைக்கு ஆதார் இல்ல, எதுக்கு பேங்க் புக் இல்ல. நடுவுல வாக்காளர் பட்டியல் வேற. பாடம் எப்ப நடத்த? என்னோட தேர்வுநிலை சம்பள உயர்வுக் கோப்பு மூணு வருஷமா ஆபீஸ்ல ஒரே மேசையில கிடந்தது. அதக் கேக்கப் போகக்கூட எனக்கு ஒரு நாள் லீவு கிடைக்கல. ஒருத்தி லீவு போட்டா ஸ்கூல மூடணுமே!

அப்பத்தான் முத்துப்பேச்சி. துப்புரவுப் பணியாளர். பகுதிநேரம்தான். காலையில ஒன்றரை மணி நேரத்துல வளாகத்தக் கூட்டி, கக்கூஸ் கழுவிட்டுப் போயிரலாம். அவ போகமாட்டா. வீட்டுக்காரர் போர்வெல் லாரியில வடக்க போயிட்டா மாசக்கணக்கா வரமாட்டாரு. மக இங்கதான் நாலாவது படிச்சா. அதனால ஸ்கூல்லயே இருப்பா. பிளஸ் டூ முடிச்சவ தம்பி. டீச்சர் டிரெயினிங்குக்கு பாரம் வாங்கி வச்சிருந்தாளாம், அதுக்குள்ள கட்டிக் குடுத்துட்டாங்க.

ஒண்ணாவதும் ரெண்டாவதும் சேந்து பதினேழு பிள்ளைக. அதுககிட்ட அவளாத்தான் போய் உக்காந்தா... இல்ல, நான்தான் சொன்னேன். சொன்னேன்னா, கட்டாயமா இல்ல. "பேச்சி, நான் தொட்டிக்கிட்டப் போயிட்டு வாரேன், அந்தச் சின்னதுகளக் கொஞ்சம் பாத்துக்க." அம்புட்டுத்தான் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அப்புறம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.

நல்லாத்தான் பாத்துக்கிட்டா. அத நான் எங்கயும் இல்லைன்னு சொல்லல. ஒண்ணாவதுல முகிலான்னு ஒரு பிள்ளை. சேந்த நாள்லேர்ந்து வாயே திறக்கல. ஊமையோன்னு நெனச்சேன். பேச்சி அத ஒண்ணும் கேக்கமாட்டா, பக்கத்துல மட்டும் உக்கார வச்சுக்கிடுவா. ஆகஸ்ட் மாசம் ஒருநாள் நான் தொட்டிக்கிட்ட இருந்து வாரேன், அந்தப் பிள்ளை எந்திரிச்சு நின்னு "அணில், ஆடு, இலை"ன்னு கத்திக்கிட்டு இருக்கு. மத்ததெல்லாம் கை தட்டுது. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அன்னைக்குத்தான் அவகிட்ட பாடப் புத்தகத்தையும் ஒரு சிவப்புப் பேனாவையும் குடுத்தேன், நோட்டுத் திருத்த. ஆமா, பேனா நான் குடுத்ததுதான். பிள்ளைக அவளயும் டீச்சர்ன்னு கூப்பிட ஆரம்பிச்சிருச்சு. ஒருநாள் கண்டிச்சேன். "அக்கான்னு கூப்பிடுங்கலே"ன்னேன்.

செப்டம்பர்ல கல்யாண மண்டபத்துல சங்கக் கூட்டம். ஒன்பது கோரிக்கை தயார் பண்ணினோம். மாற்றுப்பணிய ரத்து பண்ணணும், தேங்கிக் கிடக்கிற தேர்வுநிலைக் கோப்புகள முடிக்கணும், போன்ல பதியிற வேலைக்குத் தனி ஆள் போடணும், இப்படி. ஏழாவது கோரிக்கை நான் சேத்தது. இத நீங்க கண்டிப்பா எழுதணும். பள்ளித் துப்புரவுப் பணியாளர்கள முழுநேரமாக்கணும், காலமுறைச் சம்பளம் குடுக்கணும். நான்தான் எந்திரிச்சுச் சொன்னேன். "அவுங்க நம்ம சங்கத்துல உறுப்பினரே இல்லையே"ன்னு ஒருத்தர் கேட்டாரு. "அவுங்க இல்லாம நம்ம ஸ்கூல் ஒருநாள் ஓடுமா?"ன்னு கேட்டேன். கை தட்டுனாங்க. ஏழாவதாப் போட்டாங்க.

வந்து பேச்சிகிட்டச் சொன்னேன். அவ அந்த நோட்டீஸ வாங்கி ரெண்டு தடவை படிச்சா. "எங்களயும் போட்டிருக்கீங்களே டீச்சர்"னா. "ஆர்ப்பாட்டத்துக்கு நீயும் வா, உன் கோரிக்கையும் இருக்குல்ல"ன்னேன். வந்தா. நல்ல சேலையா உடுத்திக்கிட்டு, பஸ் ஏறி, மாவட்ட ஆபீஸ் வாசலுக்கு வந்தா. கோரிக்கை அட்டை ஒண்ணு குடுத்தாங்க, பிடிச்சுக்கிட்டு முன்வரிசையில வெயில்ல நின்னா.

என்னயப் பேசச் சொன்னாங்க. எனக்கு மைக்ல பேசிப் பழக்கமில்ல. பிரார்த்தனைக் கூட்டத்துல பேசுறதோட சரி. கூட்டம் கவனிக்கல, அங்கங்க பேசிக்கிட்டு நிக்காங்க. ஏதாவது சொன்னாத்தான் திரும்புவாங்கன்னு தோணுச்சு. சட்டுன்னு சொன்னேன், "என் ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸுக்கும் ரெண்டாங்கிளாஸுக்கும் பாடம் எடுக்கிறது யாரு தெரியுமா? கக்கூஸ் கழுவுற அம்மா! காலையில கையில விளக்குமாறு, பத்து மணிக்கு மேல சாக்பீஸ்! இதுதான் இந்த மாவட்டத்தோட கல்வித் தரம்!"

அம்புட்டுதான். கூட்டம் திரும்பிருச்சு. ஒரே சிரிப்பு, விசில், கைதட்டு. வேதமுத்து சார் எந்திரிச்சு வந்து கை குடுத்தாரு. பேச்சியா? அவ முன்னாலதான் நின்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னா, நான் பாத்தேன். எல்லாரும் சிரிக்கும்போது அவளும் சிரிச்சா. அட்டைய மட்டும் கொஞ்சம் ஒசத்தி முகத்துக்கு நேரா வச்சுக்கிட்டா. வெயிலு.

திரும்பி வரும்போது ஒரே பஸ்லதான் வந்தோம். நான் முன்னால, அவ பின்னால. இறங்கும்போது, "நல்லாப் பேசுனீங்க டீச்சர்"னா. "உனக்காகத்தான பேசுனேன்"ன்னேன். உண்மையாத்தான் சொன்னேன் தம்பி. ஆள் பற்றாக்குறையச் சொல்லணும்னா உதாரணம் வேணும்ல?

மறுநாள் பேப்பர்ல வந்திருச்சு. "பாடம் நடத்தும் துப்புரவுப் பணியாளர்"னு தலைப்பு. ஊர் பேரோட. மூணாம் நாள் கார்ல வந்து இறங்கிட்டாங்க. ஆசிரியர் இல்லன்னு நாங்க கத்துனதுக்கு ஒரு ஆசிரியரக் கூட்டிட்டு வருவாங்கன்னு பாத்தா, விசாரணைக்கு ஒரு அதிகாரி, ஒரு கிளார்க். "இங்க யாரு பாடம் எடுக்கிறது?"ன்னு ரெண்டாங்கிளாஸ் பிள்ளைககிட்டக் கேக்காங்க. எல்லாம் ஒண்ணுபோல "பேச்சி டீச்சர்"ங்குது. ரெண்டாங்கிளாஸ் நோட்ட எடுத்துப் பாத்தாங்க. சிவப்பு மையில "நன்று", "மிக நன்று". அந்த அதிகாரி அம்மா ஒரு நோட்ட ரொம்ப நேரம் பாத்தாங்க. திருத்தத்துல ஒரு தப்பு இல்ல. தப்பு இருந்திருந்தாக்கூட நல்லாருந்திருக்கும் போல.

எனக்கு மெமோ. தகுதியில்லாத ஆளை வகுப்புல அனுமதிச்சதுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாதுன்னு மூணு நாள்ல விளக்கம் குடுக்கணும். அதுக்கு அடுத்தது பதினேழு பி, ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு. அது வந்துட்டா என்னாகும்னு உங்களுக்குத் தெரியும். தேர்வுநிலை போச்சு, எல்லாம் போச்சு. ஓய்வுக்கு மூணு வருஷம் இருக்கு. என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஓடிக்கிட்டு இருக்கு, வாரம் ரெண்டு தடவை. அரசு ஊழியர் காப்பீட்டுலதான் ஓடுது. நான் என்ன செய்ய?

வேதமுத்து சாருக்குப் போன் போட்டேன். "பயப்படாதீங்க டீச்சர், சங்கம் இருக்கு"ன்னாரு. அப்புறம் மெதுவா, "ஒரே ஒரு வரி எழுதுங்க. நான் அலுவலகப் பணியா வெளிய இருந்தப்ப, என் அனுமதியில்லாம அந்தம்மா வகுப்புக்குள்ள போயிருக்காங்கன்னு. அவுங்ககிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிருங்க. பகுதிநேரம்தான, அவுங்கள ஒண்ணும் செய்யமாட்டாங்க"ன்னாரு. அவர் அனுபவஸ்தர். முப்பது வருஷமா சங்கத்துல இருக்காரு. ஒண்ணும் செய்யமாட்டாங்கன்னு அவர் சொன்னத நான் நம்புனேன். நம்பக்கூடாதா?

எழுதுனேன். இதே மேசைதான். சாயங்காலம் பிள்ளைக போனப்புறம் பேச்சியக் கூப்பிட்டுக் காட்டுனேன். "இது சும்மா, ஆபீஸ்ல ஒரு கோப்ப மூடுறதுக்கு. உனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னேன். அவ நின்னுக்கிட்டே படிச்சா. உக்காருன்னு நான் சொல்லல, தோணல. கடைசி வரை படிச்சிட்டு, மறுபடியும் மேல இருந்து படிச்சா. அழுவாளோ, கத்துவாளோன்னு பாக்கேன். அவ விரல வச்சுக் காட்டி, "டீச்சர், அனுமதிக்கு ரெண்டு சுழி ன. நீங்க மூணு சுழி போட்டிருக்கீங்க"ன்னா.

பதட்டத்துல எழுதுனது தம்பி. முப்பத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல நான் அந்தத் தப்பு விட்டதில்ல. அடிச்சுத் திருத்துனா நல்லாருக்காதுன்னு வேற தாள்ல எழுதுனேன். அவ அதுவரைக்கும் நின்னா. அப்புறம் கையெழுத்துப் போட்டா. எங்க கையெழுத்து மாதிரி கிறுக்கல் இல்ல. முத்துப்பேச்சின்னு முழுசா, குண்டு குண்டா.

பத்து நாள்ல அவள நிப்பாட்டச் சொல்லி ஆர்டர் வந்திருச்சு. பள்ளி மேலாண்மைக் குழுவக் கூட்டித் தீர்மானம் போடணும். தலைமையாசிரியைதான் போடணும். போட்டேன். அன்னைக்கு அவ சாவிக்கொத்தக் கொண்டாந்து மேசையில வச்சா. கக்கூஸ் சாவி, தண்ணி மோட்டார் சாவி. அந்தச் சிவப்புப் பேனாவையும் வச்சா. "பேனா இருக்கட்டும் பேச்சி"ன்னேன். "வேணாம் டீச்சர்"னுட்டுப் போயிட்டா.

எனக்கு மெமோவோட முடிஞ்சிருச்சு.

சரி, பேச்சுவார்த்தைக்கு வருவோம், அதுதான உங்களுக்கு வேணும். அக்டோபர் கடைசியில கூப்பிட்டாங்க. சங்கத்துல இருந்து ஆறு பேர், அதுல நானும் ஒருத்தி. என் பேச்சாலதான் பேப்பர்காரங்க வந்தாங்கன்னு என்னயும் சேத்தாரு வேதமுத்து சார். மூணு மணி நேரம் நடந்துச்சு. மாற்றுப்பணி ரத்து. தேர்வுநிலைக் கோப்பு எல்லாம் ஒரு மாசத்துல முடிக்கிறோம்னு எழுதிக் குடுத்தாங்க. வாக்காளர் பட்டியல் வேலை பள்ளி நேரத்துல கிடையாது. பெரிய வெற்றிதான், நான் இல்லைங்கல. ஏழாவதுக்கு வந்தப்ப அதிகாரி, "இது உங்க சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்"னாரு. வேதமுத்து சார் எங்களப் பாத்தாரு. "ஏதாவது ஒண்ண நாமளும் விட்டுக் குடுக்கணும்ல"ன்னாரு. அந்நேரம் டீ வந்துச்சு. எல்லாரும் டம்ளர எடுத்தோம். எடுத்து முடிச்சுப் பாத்தா எட்டாவது கோரிக்கையப் பேசிக்கிட்டு இருக்காங்க.

நான் வாயத் திறந்திருக்கலாம். கேளுங்க, நீங்க கேக்கமாட்டீங்க, நானே சொல்லுறேன். திறந்திருக்கலாம். மெமோ கோப்பு அதே கட்டடத்துல, அதே மாடியில இருந்துச்சு தம்பி.

அருள்தாஸ் சார் திரும்பி வந்தாரு. எனக்குத் தேர்வுநிலை வந்துச்சு. தீபாவளிக்குப் பேச்சிக்கு ஒரு சேலை எடுத்துட்டுப் போனேன், நல்ல சேலை, என் தங்கச்சிக்கு எடுக்கிற விலையில எடுத்தேன். அவ அப்ப தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தா. காலையில ஏழரைக்கு வேன் வரும். சேலைய வாங்கிக்கிட்டா, காப்பி போட்டுக் குடுத்தா, பிள்ளைகள விசாரிச்சா. முகிலா பேசுதான்னு கேட்டா. பேசுதுன்னேன். பேசல தம்பி. அவ போன மறுநாள்லேர்ந்து அந்தப் பிள்ளை திரும்ப வாய மூடிக்கிருச்சு. அத எப்படி அவகிட்டச் சொல்ல?

ஜனவரியில வாசிப்புத் திறன் சோதனைன்னு ஒரு குழு வந்துச்சு. எங்க ரெண்டாங்கிளாஸ் வட்டாரத்துலயே முதலாவது. அந்தா, சுவத்துல மாட்டியிருக்கேன் பாருங்க, சான்றிதழ். தலைமையாசிரியை பேருலதான் குடுப்பாங்க, அதுதான் வழக்கம்.

பிப்ரவரியில அருள்தாஸ் சாருக்குப் பதவி உயர்வு வந்து வேற ஒன்றியத்துக்குப் போயிட்டாரு. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடல. திரும்ப நான் ஒருத்தி, நாப்பத்திமூணு பிள்ளைக, தண்ணித் தொட்டி. துப்புரவுக்கும் ஆள் போடல. கக்கூஸ நானே கழுவுறேன். இத எழுதிராதீங்க.

போன மாசம் ஒருநாள் முடியல. அன்னைக்கு என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ், நான் கூடப் போகல. ஒண்ணாங்கிளாஸ் பையன் கீழ விழுந்து நெத்தியில ரத்தம். நான் தொட்டிக்கிட்ட நிக்கேன். சாயங்காலம் ஸ்கூலப் பூட்டிட்டு நேரா பேச்சி வீட்டுக்குப் போயிட்டேன். அவ வாசல்ல தீக்குச்சி மருந்து ஒட்டுன கைய சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டு இருந்தா. உக்காரக்கூட இல்ல, நின்ன மேனிக்கே கேட்டேன். "பேச்சி, திரும்ப வா. சும்மா வந்து பிள்ளைககூட உக்காரு. யாருக்கும் தெரிய வேணாம். என் கையில இருந்து மாசாமாசம் ஏதாவது தாரேன்."

அவ கையத் துடைச்சுக்கிட்டே யோசிச்சா. அப்புறம், "எழுதிக் குடுங்க டீச்சர், வாரேன்"னா.

"என்னன்னு எழுத?"

"நீங்கதான் வரச் சொன்னீங்கன்னு."

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. குத்திக் காட்டுறான்னு நெனச்சேன். ஒரு வருஷமா மனசுல வச்சிருந்து, நான் கையேந்தி நிக்கும்போது பாத்துக் கேக்கா பாருன்னு கோவமாக்கூட வந்துச்சு. ஒண்ணும் சொல்லாமத் திரும்பி வந்துட்டேன். வேதமுத்து சாருக்குப் போன் போட்டேன். "எழுத்துல எதுவும் குடுத்துராதீங்க டீச்சர், மாநாடு நெருங்குது"ன்னாரு. நானும் அத்தோட விட்டுட்டேன். இம்புட்டு வீம்பு ஆகாதுன்னு சமையலம்மாகிட்டயும் சொன்னேன்.

சமையலம்மா ராஜகனிக்குப் பேச்சி பக்கத்து வீடு. போன வெள்ளிக்கிழமை அரிசி புடைச்சுக்கிட்டு இருக்கும்போது ராஜகனி தானா வாயத் திறந்தா. நான் போய்க் கேட்டேன்ல, அதுக்கு மறுநாள் பேச்சி தீப்பெட்டி ஆபீஸ் வேன்ல ஏறலையாம். குளிச்சு, தலை சீவி, வாசல்ல உக்காந்திருந்தாளாம். வேன்காரர் ஹாரன் அடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டாராம். என்ன பேச்சின்னு ராஜகனி கேட்டதுக்கு, "டீச்சர் எழுதிக் கொண்டாருவாங்க, ஸ்கூலுக்குப் போகணும்"ன்னாளாம்.

ரெண்டாம் நாளும் அப்படித்தான். மூணாம் நாளும்.

நாலாம் நாள் வேன்ல ஏறிட்டாளாம்.